திருப்பூர் வருவதற்குள் பின்னிய சால்வை

என் கைக்கும் நூலுக்கும் ஆகவே ஆகாது. பள்ளிக்கூடத்துத் தையல் வகுப்பில் நான் போட்ட பட்டன் துளையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது பட்டனுக்கா, எலிக்கா?" என்று கேட்டார் டீச்சர். வகுப்பே சிரித்தது. அன்றோடு ஊசியைத் தொடுவதில்லை என்று முடிவு கட்டியவள் நான். அப்படிப்பட்டவள் நாலைந்து பேரோடு கூட்டுச் சேர்ந்து ஒரு சால்வை பின்னினேன் என்றால் என் வீட்டிலேயே இன்றுவரை யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். பின்னினேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. வீடு ஈரோட்டில், வேலை கோயமுத்தூரில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில். டைப்பிஸ்ட். காலைப் பாசஞ்சரில் பெண்கள் பெட்டியில் ஏறினால், ஒரு ஸ்டேஷன் விடாமல் நின்று, பின்னால் வரும் எக்ஸ்பிரஸ்களுக்கெல்லாம் வழிவிட்டு, ஒரு வழியாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அந்தப் பெட்டியில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பார்க்கும் வேலைதான் பெயர். நான் டைப்பு அம்மணி. என்னோடு ஈரோட்டில் ஏறுபவர் நர்ஸ் அக்கா. நாற்பது வயது, கோவையில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை, குரல் இன்ஜின் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும். ஊத்துக்குளியில் பேங்க் அம்மா ஏறுவார். கோவையிலுள்ள தன் சொந்தக்காரர்களுக்கெல்லாம் வெண்ணெய் சுமப்பவர் அவர். திருப்பூரில் ஏறுவது மிஸ். கோவையில் ஒரு நர்சரிப் பள்ளியில் பாடம் நடத்தும் சின்னப் பெண்.

எங்களுக்குக் கொக்கி ஊசியால் பின்னுகிற குரோஷா சொல்லிக்கொடுத்தது இந்த மிஸ்தான். அப்போது வீட்டுக்கு வீடு டிவி வந்துகொண்டிருந்தது. டிவி வந்தால் அதற்கு மேலே போட ஒரு பின்னல் விரிப்பு வேண்டும், அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பூச்சாடி வேண்டும். மிஸ் தன் வீட்டு டிவிக்கு வண்டியிலேயே பின்னிக்கொண்டு வர, பார்த்துக்கொண்டிருந்த எல்லோருக்கும் ஆசை வந்துவிட்டது. ஆளுக்கு ஒரு ஊசி வாங்கினோம். எனக்கு டிவியே கிடையாது. இருந்தாலும் வாங்கினேன். எல்லோரும் செய்வதை நான் மட்டும் செய்யாமல் உட்கார்ந்திருந்தால் எனக்குக் கோபம் வரும்.

சொல்லிக்கொடுக்கும்போது எதிர் சீட்டில் உட்கார விடமாட்டாள். "பக்கத்துல வாங்க்கா. எதுத்தாப்புல உக்காந்து பாத்தா எல்லாம் மாறிப்போயிரும்" என்பாள். அவள் மட்டும் எதிரில் உட்கார்ந்துதான் கற்றாளாம். அவளுடைய அம்மாவுக்கு இடது கைப் பழக்கம். அம்மா இடது கையில் ஊசி பிடித்துப் பின்ன, இவள் எதிரே உட்கார்ந்து வலது கையில் அப்படியே பார்த்துச் செய்தாளாம். கண்ணாடி பார்த்துத் தலை சீவுகிற மாதிரி. "ஆனா எங்கம்மா போட்டது தனியாத் தெரியுங்க்கா. நம்மளுது ஒரு பக்கமாச் சுத்தி வரும், அவங்களுது மறுபக்கமாச் சுத்தும்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவாள்.

மாற்றியதற்குக் காரணம் எங்களுக்குத் தெரியும். அவள் பிறந்த வீடு கொடுமுடியில். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்த பையனை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டாள். பையன் வேறு சாதி. அவளுடைய அப்பா, செத்தாலும் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதோடு பிறந்த வீட்டு வாசல் மூடிக்கொண்டது.

ஐப்பசி மழையில் ஒரு நாள் மிஸ் வண்டி ஏறியதும் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினாள். நர்ஸ் அக்கா அவள் நாடியைக்கூடப் பிடிக்கவில்லை. "எத்தன மாசம் கண்ணு?" என்று கேட்டார். ஐந்து என்றாள். பெட்டியே கொண்டாடியது. ஆளாளுக்கு நெல்லிக்காய், மாங்காய், பொரிகடலை என்று அன்றிலிருந்து கொண்டுவந்து அவள் மடியில் கொட்டினோம்.

பேங்க் அம்மா, சாதாரணமாகக் கேட்கிற மாதிரித்தான், "கட்டுச்சோறு எப்போ கொண்டாருவாங்க?" என்று கேட்டுவிட்டார். எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவத்துக்கு முன்னால் பிறந்த வீட்டார் விதவிதமாகச் சோறு கட்டி எடுத்துக்கொண்டு போய், சம்பந்தி வீட்டில் விருந்து வைத்து, பெண்ணைப் பிரசவத்துக்குக் கூட்டிவருவார்கள். கட்டுச்சோறு வராத பெண் என்றால் அவளுக்கு யாருமே இல்லை என்று அர்த்தம். கேட்ட பிறகுதான் பேங்க் அம்மாவுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். மிஸ் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "எங்க மாமியாரும் இதேதான் கேக்கறாங்க. பொறந்த ஊட்டுல இருந்து ஆராச்சும் வருவாங்களா கண்ணுன்னு. வருவாங்க அத்தேன்னு சொல்லிப்போட்டேன். ஆரு வருவாங்கன்னுதான் எனக்கே தெரியல."

சிரித்துக்கொண்டு சொன்னாளே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அன்று ஆபீசில் ஒரு கடிதத்தைக்கூடத் தப்பில்லாமல் அடிக்கவில்லை.

மறுநாள் காலை, பேங்க் அம்மாவும் ஏறி வண்டி ஊத்துக்குளியை விட்டதும் நர்ஸ் அக்கா தொண்டையைச் செருமினார். "ஏனுங், கேட்டுக்குங்க எல்லாரும். அந்தப் புள்ளைக்கு நாமதான் கட்டுச்சோறு கொண்டுபோறோம். ஆளுக்கொரு சோறு. என்ற ஊட்டுக்குக் கூட்டிட்டு வந்து நானே பிரசவம் பாத்து அனுப்பறேன். சரீங்களா?" யார் மறுப்பார்கள்? "சோத்தோட ஒரு சீரும் வேணுமுங்களே" என்றார் பேங்க் அம்மா, முந்தின நாள் கேட்ட கேள்விக்குப் பரிகாரம் தேடுகிறவராக. திருப்பூரில் ஏறுகிறபோது அந்தப் பெண் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு நடுங்குவது எல்லோருக்கும் நினைவில் இருந்தது. ஜன்னல் கதவு வேறு பாதிக்குமேல் இறங்காது. ஒரு சால்வை பின்னிவிடலாம் என்று முடிவாயிற்று. ஆளாளுக்குக் கட்டம் கட்டமாகப் பின்னுவது, கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துத் தைப்பது. அவளுக்குத் தெரியக் கூடாது.

நூல் வாங்கப் பெரியகடை வீதிக்குப் போனோம். அங்கே கம்பளி நூலும் லேஸும் விற்கும் பாய் ஒருவர், நாங்கள் நிறத்துக்குச் சண்டை போடுவதைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அரக்குச் சிவப்பு. பேங்க் அம்மாவுக்கு மஞ்சள். நர்ஸ் அக்காவுக்குக் கிளிப்பச்சை. "மூணையும் எடுத்துக்குங்கம்மா, மூணும் ஒண்ணுக்கொண்ணு சண்ட போடாது. நீங்கதான் போடறீங்க" என்று சொல்லிப் பொட்டலம் கட்டிவிட்டார்.

அப்புறம் என்ன, வேலை ஆரம்பமானது. ஈரோட்டில் வண்டி நகர்ந்ததும் ஊசிகள் வெளியே வரும். பேங்க் அம்மா மட்டும் வீட்டிலேயே போட்டுக்கொண்டு வந்து ஊத்துக்குளியில் நீட்டுவார். வாய் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். ஊத்துக்குளி தாண்டியதும் நர்ஸ் அக்கா, "கட்டுங்க கடைய!" என்று ஒரு சத்தம் போடுவார். அத்தனையும் அவருடைய மஞ்சள் துணிப்பைக்குள் போய்விடும். திருப்பூரில் மிஸ் ஏறும்போது நாங்கள் ஒன்றும் தெரியாத நல்ல பிள்ளைகளாக டிவி விரிப்புப் பின்னிக்கொண்டிருப்போம். "இன்னுமா முடியல உங்களுக்கெல்லாம்?" என்று அவள் ஆச்சரியப்படுவாள். ஒரே விரிப்பை மூன்று மாதம் பின்னினால் யாருக்குத்தான் ஆச்சரியம் வராது?

இனி என் கதை. நான் போட்ட முதல் கட்டம் ஒரு பக்கம் தொங்கியது, ஒரு பக்கம் சுருங்கியது. நாலு மூலை இருக்க வேண்டியதில் எனக்கு ஐந்து வந்திருந்தது. தயங்கித் தயங்கி நர்ஸ் அக்காவிடம் நீட்டினேன். திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குதுங் அம்மணி" என்றார். பேங்க் அம்மா வாங்கிப் பார்த்தார். "அருமையா இருக்குதுங்க." விஜயமங்கலத்தில் ஏறுகிற இரண்டு பேரும் பார்த்து, "உங்க கைக்கு இது ஒரு தனி அழகுங்க" என்றார்கள். எங்கள் ஊர் மரியாதை அப்படி. குழம்பில் உப்பு இல்லை என்று சொல்ல மாட்டார்கள். "குழம்பு நல்லா இருக்குதுங்க, சித்த உப்பு இருந்தா குடுங்க, ஊறுகாய்க்குப் போட்டுக்கறேன்" என்பார்கள். அதே ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். பாராட்டு என்று வந்துவிட்டால் எனக்குக் கண் தெரியாது.

நாங்கள் முடித்த கட்டங்களை நர்ஸ் அக்கா வீட்டுக்கு எடுத்துப்போய் ஓரம் தைத்துச் சேர்த்துக்கொண்டு வருவார். திங்கட்கிழமைதோறும் பையைத் திறந்து காட்டுவார். அதில் என் கட்டங்களைப் பார்க்கும்போது எனக்கே பிரமிப்பாக இருக்கும். நாலு மூலையும் நறுக்கென்று நிற்கும். "சேத்துத் தெச்சா எல்லாம் நிமிந்துக்கும் அம்மணி" என்பார் நர்ஸ் அக்கா. நானும் நம்பினேன். அரக்குச் சிவப்பில் பின்னியது நான் ஒருத்திதான் என்பதால் எது என்னுடையது என்பதில் சந்தேகமே இல்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "அந்தச் சிவப்பெல்லாம் என் கைவண்ணம்" என்று காட்டிப் பீற்றிக்கொண்டேன்.

பீற்றல் தலைக்கேறி, ஒரு நாள் வீட்டிலும் பழகப்போவதாகச் சொன்னேன். நர்ஸ் அக்கா பதறிவிட்டார். "வேண்டாங் சாமி! நீங்க போடற மாதிரியே போடுங்க. ஒண்ணும் மாத்தவேண்டாம்."

"ஏனுங்க்கா, நான் இன்னும் நல்லாப் போடக் கூடாதா?" எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"போதுமுங்க, இதுவே போதும். ரொம்ப நல்லாப் போட்டுட்டா அப்புறம் மத்தவங்களுது எடுக்காதுங்க." அந்தப் பதிலில் நான் குளிர்ந்துபோய்விட்டேன். அப்படியே போட்டேன். வாரத்துக்கு வாரம் கூடவே கேட்டு வாங்கிக்கொண்டு போனார். மற்றவர்கள் ஒன்று முடிப்பதற்குள், "டைப்பு அம்மணி, நீங்க ரெண்டு போடுங்க" என்பார். என் திறமைமேல் அவருக்கு எவ்வளவு நம்பிக்கை என்று நினைத்துக்கொண்டேன்.

மார்கழியில் நல்ல காரியம் செய்யக் கூடாதென்று காத்திருந்து, தை பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டுச்சோறு. அதே பாசஞ்சர், அதே பெட்டி. ஆபீஸ் பைகளுக்குப் பதில் எல்லோர் கையிலும் அடுக்குப் பாத்திரம். என் கையில் எலுமிச்சம்பழச் சோறு. மற்றவர்களிடம் புளிச்சோறு, தேங்காய்ச் சோறு, எள்ளுச்சோறு, தயிர்ச்சோறு. பேங்க் அம்மா வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டுக்கொண்டு வந்திருந்தார், ஊத்துக்குளி நெய்யில். திருப்பூர் வரும்வரை அதில் கைவைக்காமல் இருப்பதற்குள் உயிர் போய்விட்டது.

மிஸ் வீட்டு வாசலில் போய் வரிசையாக நின்றோம். மிஸ்ஸின் மாமியார் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். அவர் கேட்பதற்கு முன்னாலேயே நர்ஸ் அக்கா சொன்னார்: "பொறந்த ஊட்டுல இருந்து வந்திருக்கறோமுங்க." எந்தப் பிறந்த வீடு, எந்த உறவு என்று அந்த அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. "வாங்க வாங்க, ஒறம்பரைங்க வெளிய நிக்கலாமா?" என்று சொந்தக்காரர்களைக் கூப்பிடுகிற மாதிரியே உள்ளே கூப்பிட்டார். பின்னால் நின்ற மிஸ் எங்களைப் பார்த்துவிட்டு, வாய்விட்டுச் சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். நானும் அழுதேன். எனக்கென்ன வெட்கம்?

சாப்பாடெல்லாம் முடிந்து சால்வையை அவள் மடியில் விரித்தோம். சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக அவள் மடி நிறைந்து தரையில் வழிந்தது. ஒவ்வொரு கட்டமாகத் தடவிக்கொண்டே வந்தாள். அவள் சொல்லிக்கொடுத்த கைகள் அல்லவா! "இது பேங்க் அம்மா. இறுக்கிப் போட்டிருக்கறாங்க, காச எண்ணற மாதிரி. இது நர்ஸ் அக்கா, ஊசி போடற வேகம்..." என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நான் கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருந்தேன். என் பேர் வரவே இல்லை.

"அக்கா, உங்களுது எங்கீங்க?" என்றாள் கடைசியில்.

"செவப்பு பூராவும் நாந்தான்!"

அவள் ஒரு சிவப்புக் கட்டத்தைக் கண்ணருகே கொண்டுபோனாள். திருப்பிப் பார்த்தாள். இன்னொன்றைப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. "இது உங்க கை இல்லீங்க்கா."

சபையில் இப்படிச் சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்? "என்ற கை இல்லாம பின்ன ஆரு கை?" என்று எகிறினேன்.

"மறுபக்கமாச் சுத்துதுங்க்கா" என்றாள். சால்வையை முகத்தில் வைத்துக்கொண்டாள். பிறகுதான் மெதுவாகக் கேட்டது. "எங்கம்மா."

எல்லோரும் நர்ஸ் அக்காவைப் பார்த்தோம். அவருக்கும் பிறந்த ஊர் கொடுமுடிதான். ஞாயிற்றுக்கிழமை தன் அம்மாவைப் பார்க்கப் போய்விடுவார். அதுவரை ரயிலுக்கே கேட்கிற மாதிரிப் பேசியவர் இப்போது மெல்லப் பேசினார். முதல் வாரமே மிஸ்ஸின் அம்மாவைக் கோயிலில் பார்த்து, ஒரு கட்டமாவது போட்டுக்கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். இனி மகளுக்கென்று ஒரு துரும்பும் செய்ய மாட்டேன், கொடுக்க மாட்டேன் என்று வீட்டுக்காரர் கற்பூரத்தை ஏற்றிச் சத்தியம் வாங்கிவிட்டாராம். சத்தியத்தை மீறப் பயம். நர்ஸ் அக்கா பையை மடிக்கும்போது என் ஐந்து மூலைக் கட்டம் வெளியே விழுந்திருக்கிறது. அந்த அம்மா அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஐயோ, இது ஆரு போட்டது, இப்படிக் கோணிக்கிட்டு நிக்குது?" என்று கேட்டவர், கொஞ்ச நேரம் யோசித்துச் சொன்னாராம்: "நான் புதுசா ஒண்ணும் செய்யறதில்லீங்க. ஆரோ போட்டதப் பிரிச்சுச் சரிபண்ணிக் குடுத்தா, அது செஞ்சதாகாதுல்லீங்க?"

அன்றிலிருந்து வாராவாரம் என் கட்டங்கள் கொடுமுடிக்குப் போயிருக்கின்றன. நான் போட்ட ஒவ்வொன்றையும் அந்த அம்மா அடியோடு பிரித்து, அதே நூலில், இடது கையால் மறுபடி போட்டிருக்கிறார். "அந்த அம்மணி இந்த வாரம் எத்தன போட்டுது?" என்றுதான் முதல் கேள்வியாம். "அது நல்லாப் பழகிப்போடக் கூடாது சாமீன்னு கோயில்ல வேண்டிக்கிட்டாங்களாமுங்க" என்றார் நர்ஸ் அக்கா, என் முகத்தைப் பார்க்காமல்.

எனக்கு வந்ததே கோபம்! ஒரு நொடிதான். மறு நொடி நான் சிரித்த சிரிப்பில் எலுமிச்சம்பழச் சோற்றுப் பாத்திரம் கவிழ்ந்துவிட்டது. ஊரே சேர்ந்து என்னை நல்லா இருக்குது நல்லா இருக்குது என்று சொல்லி ஏமாற்றியிருக்கிறது, சாமிகூட அவர்கள் கட்சி! என் கை மட்டும் தேறியிருந்தால் அந்தச் சால்வையில் அந்த அம்மாவுக்கு ஒரு கட்டம்கூட இருந்திருக்காது. வாழ்க்கையில் வேறு எதையும் நான் இவ்வளவு உருப்படியாக மோசமாய்ச் செய்ததில்லை. மிஸ் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். வயிறு இடித்தது. உள்ளேயிருந்து ஒரு உதையும் வாங்கினேன்.

அன்றே அவளை நர்ஸ் அக்கா வீட்டுக்கு ஈரோட்டுக்குக் கூட்டிவந்தோம். மாசியில் ஈரோட்டு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. அதற்குள் வெயில் வந்துவிட்டது; சால்வைக்கு வேலையே இல்லை. இருந்தாலும் மிஸ் அதை இடுப்புக்குக் கீழே விடவில்லை. சிவப்புப் பக்கம் மேலே இருக்கும்படிதான் போர்த்திக்கொள்வாள்.

குழந்தை பிறப்பதற்கு முந்தின வாரமே, மிச்சமிருந்த சிவப்பு நூலில் நான் ஒரு தொப்பி போட்டிருந்தேன். வேண்டுமென்றே மோசமாகப் போட்டாயா என்று பிற்பாடு கேட்டார்கள். அதற்கெல்லாம் எனக்கு அவசியமே இல்லை. பூசணிக்காய்க்கும் போட முடியாது, எலுமிச்சம்பழத்துக்கும் போட முடியாது, அப்படி ஒரு தொப்பி. நர்ஸ் அக்காவிடம் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை எடுத்துப்போனார். திங்கட்கிழமை வெறுங்கையோடு வந்தார். "இன்னும் முடியலயாமுங்க" என்றார். அந்த அம்மாவின் கைக்கு ஒரு தொப்பி ஒரு பொழுது வேலை. எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

குழந்தை பிறந்த மூன்றாம் நாள் நான் ஆபீசுக்கு மட்டம் போட்டுவிட்டு மிஸ்ஸின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். வார்டு வாசலில் ஒரு அம்மா வந்து நின்றார். பருத்திச் சேலை, பஸ்ஸில் வந்த தூசி, இடது கையில் ஒரு காகிதப் பொட்டலம். மிஸ் எழுந்து உட்கார்ந்தாள். எனக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

அந்த அம்மா மகளைப் பார்க்கவில்லை. நேரே என்னிடம் வந்தார். "டைப்பு அம்மணி நீங்கதானுங்களா? உங்க தொப்பிங்க. சரிபண்ணிக் கொண்டாந்தேன். உங்ககிட்ட குடுத்துட்டுப் போலாம்னுதான் வந்தேன். அவரு கேட்டாலும் அப்படித்தான் சொல்லோணும்." பொட்டலத்தை என் கையில் வைத்தார். வைத்தும் அங்கேயே நின்றார். சத்தியம் இடம் கொடுத்த வேலை அதோடு முடிந்துவிட்டது. போவதற்கு மட்டும் கால் வரவில்லை.

வாய்க்கு என்றைக்கும் பஞ்சமில்லாதவள் நான். அன்றைக்குப் பொட்டலத்தைத்தான் முதலில் பிரித்தேன். தொப்பியை எடுத்து என் உச்சந்தலையில் வைத்துப் பார்த்தேன்.

"ஏனுங்கம்மா, எனக்கு இது பத்தலீங்களே" என்றேன். "ஆருக்குப் பத்துதுன்னு நீங்களே சித்த போட்டுப் பாத்துச் சொல்லுங்க."

திருப்பி அவர் கையிலேயே கொடுத்தேன். அந்த அம்மா என்னைப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார். அப்புறம் கட்டில்மேல் உட்கார்ந்து, குழந்தையின் தலையை வலது கையில் தாங்கி, இடது கையால் தொப்பியை மாட்டினார். அளவு அப்படியே பொருந்தியது.

மிஸ் நகர்ந்து அம்மாவுக்கு இடம் விட்டாள். பிறகு கை நீட்டித் தொப்பியின் விளிம்பைத் தொட்டாள்.

"காதை மூடற மாதிரி இழுத்து உடும்மா" என்றாள்.